பதுளையில் வேலைபார்த்த என் அம்மாவின் பெயர்

வெறுமை என்பது எங்கள் கல்லூரியில் ஐந்து மதிப்பெண் கேள்வி. இரண்டாம் ஆண்டு தத்துவம், நான்காம் அலகு. ‘பௌத்தம் கூறும் வெறுமைக் கோட்பாட்டை விளக்குக.’ எட்டு வருடமாக நடத்துகிறேன். நான்கு குறிப்புகள் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நான்காவது குறிப்பு, ‘ஆகவே எதுவும் உண்மையில் இல்லை’ என்பது. அதை எழுதி அடிக்கோடு போட்டால் நான்கரை நிச்சயம். எதுவுமே இல்லை என்று எழுதியவனுக்கு நான்கரை மட்டும் எங்கிருந்து வந்தது என்று இதுவரை ஒரு மாணவனும் கேட்டதில்லை. நல்ல பிள்ளைகள்.

இப்படிப்பட்ட ஆளைத்தான் அம்மா பதுளைக்கு அனுப்பினாள். விடுப்புக் கேட்டபோது துறைத்தலைவர், “பௌத்த நாட்டுக்குப் போகிறீர்கள், ஒரு கட்டுரையோடு வாருங்கள்” என்றார். இது அவர் கேட்ட கட்டுரை அல்ல.

அம்மா பெயர் ராமாயி. நமுனுகுல மலைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்தவள். இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து, தோட்டத்து ஆட்களில் இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று பாகம் பிரித்ததில் அம்மா இந்தியாவின் பாகத்தில் விழுந்தாள். எழுபதுகளில் ஒரு நாள் என்னை வயிற்றில் சுமந்துகொண்டு கப்பலேறித் திருச்சிக்கு வந்து சேர்ந்தாள். அந்தக் கணக்கில் நானும் ஒருமுறை இலங்கையில் இருந்திருக்கிறேன். பாஸ்போர்ட்டில் அதற்கு முத்திரை இல்லை.

அம்மாவின் தங்கை செல்லம்மா தோட்டத்திலேயே தங்கிவிட்டாள். அப்போது அவளுக்குப் பதினாறு வயது. வேலை கேட்டுப் போனால், ஆபிஸில் புதுப் பெயர் எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் இந்தியாவுக்குப் போய்விட்ட ராமாயியின் பெயரைப் பதிவேட்டில் வெட்ட மறந்திருந்தார்கள். அல்லது மறந்ததுபோல் இருந்தார்கள். தோட்டத்தில் காலை ஆறு மணிக்கு ஆட்களை ஓரிடத்தில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்கள். அதற்குப் பெரட்டு என்று பெயர். அந்தக் காலத்துக் கணக்கப்பிள்ளை ஒரு நாள் பெரட்டில் “ராமாயி” என்று கூப்பிட்டார். செல்லம்மா முன்னால் வந்து “வந்திருக்கேங்க” என்றாள். விஷயம் முடிந்தது. அன்று தொடங்கி முப்பது வருடம் என் அம்மா திருச்சியில் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டும், பதுளையில் கொழுந்து பறித்துக்கொண்டும் இருந்தாள்.

இலங்கையில் உள்நாட்டுச் சண்டை நின்றிருந்த இந்தச் சமயத்தில், விடுபட்டுப்போன தோட்டத்து ஆட்களுக்கு அடையாள அட்டை எடுத்துக் கொடுக்க ஊர் ஊராக முகாம் போட்டார்கள். சித்தி ராமாயி என்ற பெயரில் விண்ணப்பித்தாள். ராமாயி நாட்டைவிட்டுப் போய்விட்டார் என்று பதில் வந்தது. அதன்பிறகுதான் உதவி கேட்டு அம்மாவுக்குக் கடிதம் போட்டாள். சித்திக்கும் எழுதத் தெரியாது, அம்மாவுக்கும் படிக்கத் தெரியாது. யாரோ எழுதியதை நான் படித்துக் காட்டினேன். “அக்கா, நான் போயிட்டேனாம். செல்லம்மான்னு எங்கயாச்சும் ஒரு தாளு இருந்தா குடுத்து விடு. கார்டு கெடச்சா பாஸ்போட்டு எடுக்கலாம். ஒன்ன ஒரு தடவ பாத்துட்டா போதும்.”

அம்மாவுக்கு மூட்டு போய்விட்டது. வாசற்படி இரண்டு இறங்குவதற்கே ஆள் பிடிக்க வேண்டும். சந்திப்பதென்றால் சித்திதான் வர வேண்டும். கப்பலில் தன்னோடு வந்த பிறப்புப் பத்திரத்தை அம்மா டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்துத் தந்தாள். “இது எம்பேருல உள்ளது. இத வச்சு ஏதாச்சும் செய்ய முடியுமான்னு பாரு” என்றாள். பிரித்துப் பார்த்தேன். செல்லம்மா என்று இருந்தது. வீட்டிலிருந்த இரண்டு தாள்களில் தவறானதை எடுத்துக்கொண்டு வந்து, முப்பது வருடமாகப் பூச்சி மருந்து உருண்டை போட்டுப் பாதுகாத்திருக்கிறாள். தவறான வேலையை இவ்வளவு சரியாகச் செய்தவர் வேறு யாரையும் எனக்குத் தெரியாது.

கொழும்பிலிருந்து பதுளை போகும் ரயிலில் எனக்கு எதிரே ஒரு பிக்கு உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். ஹாமுதுரு என்றுதான் கூப்பிட வேண்டும் என்று பக்கத்துச் சீட்டுக்காரர் காதோடு சொன்னார். இறால் வடை விற்பவர் வந்தபோது நான் நான்கு வாங்கினேன். வடையின் நடுவில் இறால் முழு உருவத்தோடு மல்லாந்து கிடந்தது. எங்கள் ஊரில் இறால் வடை என்றால் இறாலைத் தேட வேண்டியிருக்கும். இங்கே இறால் தலைமேல் ஏறி உட்கார்ந்து, நான்தான் என்று காட்டுகிறது.

என்ன வேலை என்று ஹாமுதுரு தமிழில் கேட்டார். அதுவும் அசல் தோட்டத்துத் தமிழ். பிறந்தது நமுனுகுல பக்கம், கூட விளையாடியது பூராவும் லயத்து வீடுகளில் இருந்த தோட்டத்துப் பிள்ளைகள் என்றார். கல்லூரியில் பௌத்த தத்துவம் நடத்துகிறேன் என்றேன். அதோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. வெறுமைக் கோட்பாட்டின் தோற்றம், வளர்ச்சி, நான்கு குறிப்புகள் என்று ஒரு பிக்குவுக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுத்தேன். அவர் நடுவில் ஒருமுறை ஜன்னலை மூடினார். அதைத் தவிர வேறு மறுப்புத் தெரிவிக்கவில்லை.

மலையேறிக்கொண்டிருந்தபோது ரயில் நின்றது. முன்னால் தண்டவாளத்தில் மண் சரிந்திருக்கிறது என்றார்கள். எல்லோரும் இறங்கிக் கல்லிலும் புல்லிலும் உட்கார்ந்தோம். குளிர் காதுக்குள் போனது. திருச்சியில் ரயில் இப்படி நின்றால் ஐந்து நிமிடத்தில் ஒரு தலைவர் உருவாகி, கார்டிடம் சண்டைக்குப் போயிருப்பார். இங்கே ஒரு கிழவர் மனைவியிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார், அந்த அம்மா சிரித்தாள். என்ன என்று கேட்டேன். “நம்ம கல்யாணத்தன்னைக்கும் இப்படித்தான் மண்ணு சரிஞ்சுச்சு, நான் தப்பிச்சிருக்கலாம்னு சொல்றாரு” என்று ஹாமுதுரு மொழிபெயர்த்தார்.

அவரிடம் வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு சோற்றுப் பொட்டலம் இருந்தது. முடிச்சை அவிழ்த்தவர், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். திரும்பவும் முடிச்சுப் போட்டு என்னிடம் நீட்டினார்.

“பன்னெண்டு தாண்டிருச்சு மாஸ்டர். இனி இது எனக்குச் சோறு இல்ல. ஒங்களுக்குச் சோறு.”

பிக்குகள் உச்சிப் பொழுதுக்குப் பிறகு சாப்பிட மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும், அதுவும் பாடத்தில் இருக்கிறது. மூன்று நிமிடம்தான் கடந்திருந்தது, சாப்பிடலாமே என்றேன். அவர் சிரித்துத் தலையாட்டினார். பருப்பு, பலாக்காய்க் கறி, தேங்காய்ச் சம்பல். நான் வெட்கமில்லாமல் முழுவதையும் சாப்பிட்டேன். துணியைத் துவைத்து நாளை மறுநாள் கொண்டுவந்து தருவதாகச் சொன்னேன். ஏனென்றால் முகாம் நடக்கவிருந்த பள்ளிக்கூடத்துக்கு எதிரிலேயே அவருடைய விகாரை என்று தெரிந்தது.

சாயங்காலம் தெமோதரை என்ற ஸ்டேஷனில் ரயில் நின்று கிளம்பியது. கிளம்பி, மலையைச் சுற்றி ஒரு வட்டம் அடித்து, சற்றுமுன் நின்ற அதே ஸ்டேஷனுக்கு அடியில் இருந்த குகைக்குள் நுழைந்தது. தலைக்கு மேலே நாம் இப்போது நின்றிருந்த இடம் இருக்கிறது என்று எல்லோரும் மேலே பார்த்தார்கள். நானும் பார்த்தேன். ரயில் பெட்டியின் கூரை தெரிந்தது.

மறுநாள் பதுளையிலிருந்து பஸ். கால் வைக்க இடமில்லை. கோவா என்று அங்கே சொல்லும் முட்டைக்கோஸ் மூட்டை ஒன்றின் மேல் ஒரு காலும் யாருடைய காலின் மேலோ இன்னொரு காலுமாக நின்றேன். கண்டக்டர் சிங்களத்தில் அடித்துச் சொன்னதைப் பக்கத்தில் நின்றவர் தமிழில் சொன்னார், “உள்ளே போங்கள், உள்ளே நிறைய இடம் சும்மா கிடக்கிறது.” ஏறியவர்கள் எல்லோரும் அதை நம்பி உள்ளே வந்தார்கள். வெறுமையைப் பற்றி என்னைவிட நன்றாகப் பாடம் நடத்துகிறவர்கள் இந்த நாட்டில் நிறைய இருக்கிறார்கள் என்று புரிந்தது.

தோட்டத்து முனையில் இறங்கித் தேநீர்க் கடையில் செல்லம்மா வீடு எது என்று கேட்டேன். கடைக்கார அம்மா யோசித்தாள். உள்ளே இருந்த கணவரைக் கேட்டாள். “அப்புடி ஒருத்தரும் இந்தத் தோட்டத்துல இல்லீங்களே” என்றாள். ராமாயி என்றேன். “ராமாயி அக்காவா? முன்னமே அப்புடிக் கேக்குறதுதானே! மூணாவது லயம், கடைசிக் காம்பரா. நீங்க இந்தியாவுல இருந்து வந்தவங்களா? அக்கா ஒரு வாரமா வாசல் கூட்டிக்கிட்டே இருக்குது.”

லயம் என்பது வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். கடைசி வீட்டு வாசலில் சித்தி நின்றாள். அம்மாவின் மூக்கு. அம்மாவின் மூக்கை இன்னொரு முகத்தில் பார்ப்பது ஒருமாதிரியாக இருந்தது. “வாங்க தம்பி, வாங்க, பயணமெல்லாம் சொகமா இருந்துச்சுங்களா” என்று வரவேற்றவள், உள்ளே போய் ரொட்டியும் கட்டைச் சம்பலும் வைக்கும்போது “நல்லாச் சாப்புடுய்யா, எலும்பா இருக்க” என்று மாறிவிட்டாள். அக்காள் மகனுக்கு ‘ங்க’ போட்டது மொத்தம் ஐந்து நிமிடம். சம்பலில் மிளகாய் கண்ணீரை வரவழைத்தது. அம்மாவை நினைத்து அழுகிறேன் என்று எண்ணிச் சித்தியும் அழுதாள். நான் திருத்தவில்லை.

சித்தப்பா செத்துப் பத்து வருடமாகிறது. மகன் கொழும்பில் கடையில் நிற்கிறான். பிறப்புப் பத்திரத்தைக் கொடுத்தேன். வாங்கித் தடவிப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த எழுத்து ‘ராமாயி’ என்ற ஒரே ஒரு சொல்தான். சம்பளப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுவதற்காகப் படித்தது. தோட்டத்தில் அவள் வயதுக்காரிகள் பாதிப் பேர் கைநாட்டு. தான் கைநாட்டு இல்லை என்பதில் அவளுக்கு நிறையப் பெருமை இருந்தது. கரித்துண்டால் சுவரில் எழுதியே காட்டினாள். என் அம்மாவின் பெயரை என் அம்மாவுக்கு எழுதத் தெரியாது.

முகாமில் ஒலிபெருக்கியில் பெயரைக் கூப்பிடுவார்கள், உடனே எழுந்து போக வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். மூன்று முறை கூப்பிட்டும் வராவிட்டால் அடுத்த முகாமுக்குத்தான். அது எப்போது என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஒத்திகை பார்க்கலாம் என்றேன். சித்தி ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்று “செல்லம்மா” என்றேன். ரொட்டியைத் திருப்பினாள். சத்தமாக “செல்லம்மா!” என்றேன். மாவைப் பிசைந்தாள். அடுத்த வீட்டிலிருந்து யாரோ லேசான குரலில் “ராமாயி” என்றதும், “என்னா?” என்று சட்டியைவிட்டு எழுந்துவிட்டாள். பிறகு என்னைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். “காது பழகிப்போச்சுய்யா. நீ பக்கத்துலயே இரு. கூப்புட்டதும் ஒரு இடி இடி, எந்திரிச்சிர்றேன்.”

ஆக, எனக்கு ஒரே ஒரு வேலை. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு இடி இடிப்பது.

மூன்றாம் நாள் முகாம். பள்ளிக்கூட மைதானம் நிறையச் சனம். எல்லோரும் கல்யாணத்துக்கு வந்ததுபோல் உடுத்தியிருந்தார்கள். சித்தி நீலப் புடவையில், நெற்றியில் நான் கொண்டுபோன திருச்சி விபூதியோடு வந்திருந்தாள். காலையில் பத்திரத்தை இணைத்து விண்ணப்பத்தைக் கொடுத்தோம். கூப்பிட மத்தியானம் ஆகும் என்று ஒரு கிளார்க் சொன்னார். பையில் ஹாமுதுருவின் வெள்ளைத் துணி இருந்தது. துறைத்தலைவர் கேட்ட கட்டுரையும் நினைவில் இருந்தது. “பத்து நிமிஷத்தில் வந்துவிடுகிறேன் சித்தி” என்று எதிரே போனேன்.

ஹாமுதுரு முற்றத்தில் விழுந்த அரசிலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். துணியை வாங்கிக்கொண்டு, பெஞ்சில் உட்காரச் சொன்னார். நான் நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். “எல்லாம் வெறுமை என்றால் எதுவும் இல்லை என்றுதானே அர்த்தம்?” என்றேன். நான்காவது குறிப்புக்கு ஒரு பிக்குவின் ஒப்புதல் கிடைத்தால் கட்டுரைக்கு நல்லது.

“மாஸ்டர், பெரட்டு தெரியுமா?”

“தெரியும்.”

“ஆறு மணிக்கு இருக்கு. ஆறரைக்கு எல்லாரும் மலைக்குப் போயிருவாங்க. அப்ப பெரட்டு எங்க போச்சு?”

“கலைந்துவிட்டது.”

“எங்க போச்சுன்னு கேக்குறேன். கணக்கப்பிள்ளை மடிச்சு சட்ட ஜோப்புல வச்சுக்கிட்டாரா? தேடிப் பாருங்க. மண்ணு இருக்கும், ஆளு இருக்கும், பேரு எழுதுன பொஸ்தகம் இருக்கும். பெரட்டுன்னு தனியா ஒண்ணு ஆம்புடாது.”

“அப்படியானால் அது இல்லை” என்றேன். எனக்கு மகிழ்ச்சி.

“இல்லைன்னு சொல்லிட்டு அஞ்சு நிமிஷம் பிந்திப் போய்ப் பாருங்க. அரைநாள் வேல போயிரும்.” அவர் சிரித்தார். “தனியா இல்ல மாஸ்டர். கூப்புட ஒருத்தர் வேணும், வர ஒருத்தர் வேணும், நடுவுல ஒரு பேரு வேணும். மூணும் சேந்தா இருக்கு. ஒண்ணு கொறஞ்சா இல்ல. அதத்தான் வெறும்னு சொல்றோம். ஒண்ணுமே இல்லைன்னு யாரு சொன்னா? முந்தாநேத்து அந்தச் சோறு? பன்னெண்டுக்கு முன்னால எனக்குச் சோறு, பின்னால ஒங்களுக்குச் சோறு. சோத்துக்குள்ள எதுவும் மாறல. ஆனா ஒங்க வயிறு ரொம்புச்சில்ல?”

நான் வேகவேகமாக எழுதிக்கொண்டிருந்தேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒலிபெருக்கி ஏதோ ஒரு பெயரை மூன்று முறை சொன்னது. அது என் காதிலும் விழுந்தது. ‘கூப்பிட ஒருவர், வர ஒருவர், நடுவில் ஒரு பெயர்’ என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

பத்து நிமிடம் முக்கால் மணி நேரமாகியிருந்தது. திரும்பிப் போனபோது சித்தி அதே இடத்தில், கைகளை மடியில் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் மாறிப்போயிருந்தார்கள். “இன்னும் கூப்புடலய்யா” என்றாள். “ஒரு பேரு மூணு தடவ கூப்புட்டாங்க. யாரோ பாவம், வரவே இல்ல.”

அந்த யாரோ செல்லம்மாதான். என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றியது. முப்பது வருடத்தில் அவள் என்னிடம் கேட்டது ஒரே ஓர் இடி.

அதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடி, சுத்தமான வெள்ளைச் சட்டை, களைத்த முகம். நடந்ததைச் சொன்னேன். “மூண்டு தரம் கூப்பிட்டாச்சு தம்பி. ஒருத்தரும் எழும்பேல்லை. நான் என்ன செய்யிறது?” என்றார். ஆனாலும் ஒதுக்கி வைத்த கட்டிலிருந்து தாளை எடுத்தார். சித்தியைப் பார்த்து மரியாதையாகக் கேட்டார், “உங்கட பேர் என்ன அம்மா?”

“ராமாயிங்க” என்றாள் சித்தி.

சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ராமாயி எண்டவ இந்தியாவுக்குப் போயிட்டா எண்டெல்லோ எங்களிட்டக் கிடக்குது” என்றார் அதிகாரி. சுற்றி நின்ற தோட்டத்து ஆட்களுக்குச் சித்தி ஏதோ ஆபத்தில் இருப்பது மட்டும் புரிந்தது. உதவி செய்ய ஓடி வந்தார்கள். “நம்ம ராமாயிதாங்க!” “சத்தியமா ராமாயிங்க!” “பொறந்ததுலேருந்து எங்களுக்குத் தெரியும்ங்க, ராமாயிதான்!” இவ்வளவு அன்பான பொய்ச்சாட்சியை நான் பார்த்ததில்லை. ஒவ்வொருவரும் சொல்லச் சொல்லச் சித்தி இந்தியாவுக்குப் போய்க்கொண்டே இருந்தாள்.

விண்ணப்பத்தோடு இணைத்திருந்த பிறப்புப் பத்திரத்தைக் காட்டினேன். “தாள் சரி” என்றார் அதிகாரி. “ஆனா தாளில இருக்கிறது பிறந்து ரெண்டு கிழமையான பிள்ளை. இவதான் அந்தப் பிள்ளை எண்டு ஆர் சொல்லுறது? இவவைச் செல்லம்மா எண்டு கூப்பிட்ட ஒரு ஆளாவது இருக்குதோ?”

“ஒருத்தர் இருக்கிறார்” என்றேன். “திருச்சியில்.”

அவர் என்னைப் பார்த்தார், சித்தியைப் பார்த்தார், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்து பள்ளித் தலைமையாசிரியரின் அறைக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். மேசைமேல் தொலைபேசி இருந்தது. நான் வீட்டு எண்ணைச் சுழற்றினேன். அக்காவும் தங்கையும் முப்பது வருடமாகக் கடிதத்தில்தான் பேசிக்கொண்டார்கள், அதுவும் மற்றவர்கள் வாயால். சித்தி ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அதிகாரி குனிந்து காது கொடுக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. தொலைபேசி என்றால் கத்திப் பேச வேண்டும், அதிலும் வெளிநாடு என்றால் தொண்டை கிழியக் கத்த வேண்டும் என்பது என் அம்மாவின் நம்பிக்கை.

“யாரு? யாரு பேசுறது?”

சித்திக்குக் குரல் வரவில்லை. மூச்சு மட்டும் வந்தது.

“ஏ செல்லம்மா!” என்றாள் அம்மா. “நீயாடி?”

“என்னக்கா” என்றாள் சித்தி.

யாரும் இடிக்கவில்லை. அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

பிறகு அம்மா, அதே உச்சக் குரலில், சண்டைக்கு வருவதுபோல் கேட்டாள். “எம்பேர எடுத்துக்கிட்டியே, ஒழுங்கா வச்சிருந்தியாடி?”

“வச்சிருந்தேன்க்கா. ஒரு நா பெரட்டுக்குப் பிந்துனதில்ல. அந்தப் பேர ஒருத்தரும் ஒரு குத்தம் சொன்னதில்ல. இந்தா, திருப்பித் தந்துர்றேன்க்கா.”

அதன்பிறகு இருவரும் அழுதார்கள். நானும் அழுதேன், இந்தமுறை சம்பல் இல்லை.

அதிகாரி கோப்பில் என்னமோ எழுதினார். அக்காவின் சத்தியக் கடதாசி ஒன்று தபாலில் வர வேண்டும், மற்றது தன் பொறுப்பு என்றார். எழுதிக்கொண்டே, யாரிடமும் சொல்லாததுபோல் சொன்னார், “எனக்கு ஊரில ஒரு வீடு. உறுதிப் பத்திரம் என்ர பெட்டிக்குள்ள பத்திரமாக் கிடக்கு, ஆனா ஆமிக்காரர் அந்தப் பக்கம் போக விடுறாங்களில்லை. கல்லுக் கிடக்குதோ, அதுவும் இல்லையோ தெரியாது. என்ர வீடு தாளில இருக்கு, தரையில இல்லை. உங்கட சித்தி தரையில இருக்கிறா, தாளில இல்லை. ரெண்டில ஒண்டையாவது சரியாக்குவம்.” பிறகு படிவத்தைத் திருப்பிச் சித்தியின் பக்கம் தள்ளினார். “இதில கையெழுத்து வையுங்கோ அம்மா.”

சித்தி பேனாவை வாங்கினாள். ‘ரா’வுக்குப் போன கை நின்றது. செல்லம்மாவுக்கு எழுதத் தெரியாது. எழுதத் தெரிந்தவள் ராமாயி. சித்தி பேனாவை மெதுவாகத் திருப்பிக் கொடுத்து, என்னையும் பார்க்காமல், அவரையும் பார்க்காமல், இடது கைப் பெருவிரலை நீட்டினாள். மை தடவினார்கள். இவ்வளவு காலம் கைநாட்டு இல்லை என்று நிமிர்ந்து நடந்தவள், தானாக ஆவதற்குக் கைநாட்டாக வேண்டியிருந்தது. வெளியே வந்து விரலைப் புடவையில் துடைத்தாள். மை போகவில்லை. “பாஸ்போட்டு எடுக்க எத்தன நா ஆகும்யா?” என்று மட்டும் கேட்டாள்.

நான்காம் நாள் காலை எனக்கு முதல் பஸ். அதற்கு முன் பெரட்டைப் பார்க்க வேண்டும் என்று சித்தியோடு போனேன். பனி முழங்கால்வரை இருந்தது. கொழுந்துக் கூடையும் இடுப்பில் சுற்றிய சாக்குமாகப் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். முகாம் கதை லயம் முழுக்கப் பரவியிருந்தது. எல்லோரும் சித்தியைப் பார்த்துச் சிரித்தார்கள். கணக்கப்பிள்ளை, இவர் இளவயதுக்காரர், புத்தகத்தை விரித்துப் பெயர் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்.

“ராமாயி.”

நான் சித்தியைப் பார்த்தேன். அவள் வாயை இறுக மூடிக்கொண்டு நேராக நின்றாள்.

“ராமாயி! அக்கா, ஒங்களத்தான்.”

“அது எங்கக்கா பேருங்க. அக்கா இந்தியாவுல இருக்கு. செல்லம்மான்னு கூப்புடுங்க.”

கணக்கப்பிள்ளை புத்தகத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பக்கத்தைத் திருப்பியும் பார்த்தார். அவருக்கு உண்மையிலேயே சங்கடமாக இருந்தது. “செல்லம்மான்னு பேரு இதுல இல்லியே அக்கா. இல்லாத ஆளுக்கு நான் எப்புடிப் பேரு போடுறது? ராமாயி வரலன்னா வரலன்னுதான் போடணும்.”

எனக்குச் சொல்ல நான்கு குறிப்புகள் இருந்தன, ஒன்றும் உதவாது. சித்தி தன் பெருவிரலைப் பார்த்தாள். மை இன்னும் இருந்தது. பிறகு கூடையின் கயிற்றைத் தலையில் சரியாக மாட்டிக்கொண்டு, ஓரடி முன்னால் வந்தாள்.

“சரிங்க. இன்னைக்கும் அக்காவுக்குப் பதிலா வந்திருக்கேன்னு போடுங்க.”

அவர் போட்டுக்கொண்டார். பெரட்டு முடிந்தது. சித்தி என் கன்னத்தை ஒருமுறை தொட்டுவிட்டு மற்றவர்களோடு மலையேறிப் போனாள்.